மொரீசியஸில் டிசம்பர்: ஊர் மாதிரியே இருக்குமா?

கேள்வி: நவம்பர் 28, 2023

கம்பெனியில் மொரீசியஸுக்கு மாற்றல். டிசம்பர் 12 குடும்பத்தோட வந்து இறங்குறோம். பையனுக்கு ஏழு வயசு. கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல் எல்லாம் முதல் அஞ்சு வாரத்துக்குள்ளேயே வந்துடுது. அங்க தமிழர் நிறைய, ரூபாய் நோட்டுலயே தமிழ் இருக்கு, ஊர் மாதிரியேதான் இருக்கும்னு கேக்குற ஆளெல்லாம் சொல்றாங்க. நிஜமா? இல்ல, பீச் ரிசார்ட் ஒண்ணுல பத்து நாள் ரூம் போட்டுடலாமா?

நவம்பர் 29

ஊர் மாதிரி இருக்காது. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் ஏமாந்துட்டேன்னு வந்து நிக்காதீங்க.

நான் பாளையங்கோட்டைக்காரன். கத்ர் போர்ன்ல குடியிருக்கேன், எபேன்ல கணக்கு வேலை. இது எனக்கு இங்க நாலாவது டிசம்பர். முதல் டிசம்பர்ல என்னைக் குழப்பினது ஒரு மரம். நம்ம ஊர்ல பரீட்சை முடிஞ்சு லீவு விடுறப்ப சிவப்பா பூத்துக் கொட்டுமே, மே ஃபிளவர்னு சொல்லுவோம், அது இங்க கிறிஸ்துமஸுக்குப் பூக்குது. மாம்பழமும் இப்பத்தான். பள்ளிக்கூடத்துக்குப் பெரிய லீவும் இப்பத்தான். கத்திரி வெயில்ல யாரோ கிறிஸ்துமஸைக் கொண்டுவந்து வச்ச மாதிரி இருந்துச்சு. மால் வாசல்ல பஞ்சைப் பனின்னு ஒட்டி வச்சிருப்பாங்க, அதுக்கு முன்னாடி போனோம் நொவேல் (நம்ம கிறிஸ்துமஸ் தாத்தா) வேர்த்து வழிஞ்சு நிப்பார். பாவமா இருக்கும்.

நோட்டு சமாச்சாரம் உண்மை. 1998 நவம்பர்ல விட்ட புது நோட்டுல இந்தியை மேலயும் தமிழைக் கீழயும் போட்டுட்டாங்கன்னு இங்கத்தித் தமிழர் கொதிச்சு, அடுத்த வருஷமே அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. ஆனா நோட்டுல இருக்கிற தமிழ் அதை நீட்டுற கடைக்காரர் வாயில இருக்காது. அவருக்கு கிரியோல் (பிரெஞ்சுல இருந்து பிறந்த இங்கத்திப் பேச்சு மொழி), பிரெஞ்சு. பேரு ஏதோ ஒரு சாமியா இருக்கும், தமிழ்ல பேசினா சிரிப்பார்.

ரிசார்ட் வேண்டாம். காரணத்தைப் பிறகு எழுதுறேன்.

நவம்பர் 29, ராத்திரி

மரத்துக்கு என்ன செய்யுறதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பீச் ஓரமெல்லாம் சவுக்குதான். இங்க ஃபிலாவோம்பாங்க. காத்துல ஒடிஞ்சு விழுந்த கிளை ஒண்ணை எடுத்துட்டு வந்து வாளியில மணல் போட்டு நட்டேன். மூணாம் நாள் வீடு பூரா ஊசி ஊசியா உதிர்ந்து, என் மனைவி அதுக்கப்புறம் சவுக்குங்கிற வார்த்தையையே வீட்ல எடுக்க விடுறதில்ல. பிளாஸ்டிக் வாங்கிக்கோங்க.

டிசம்பர் 5

சென்னைப் புயல் வெள்ளச் செய்தி பார்த்துட்டு உக்காந்திருக்கேன். வேளச்சேரிப் பக்கம் இருக்கிற கல்லூரிச் சிநேகிதன் மொட்டை மாடியில இருந்து போட்டோ அனுப்புறான்.

இங்க வர்றவங்களும் புயல் கணக்கைத் தெரிஞ்சு வச்சுக்கணும். நவம்பர்ல இருந்து மே நடுவரைக்கும் சீசன். எச்சரிக்கை நாலு படி, கிளாஸ் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும். மூணுன்னு அறிவிச்சுட்டா வெளிய தலை காட்டக் கூடாது. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சது பதிவானா நாலு. மெழுகுவத்தி, தண்ணி கேன், ரொட்டி, டின் மீன் எல்லாம் டிசம்பர் பட்ஜெட்லயே சேர்ந்ததுதான். கேக்குக்கு உலர் திராட்சை வாங்கப் போறப்பவே அதையும் வாங்கிடுவோம்.

டிசம்பர் 9

அச்சு முறுக்கு சுட்டேன். படுதோல்வி.

மாவு சரி: பச்சரிசி, தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, கொஞ்சம் எள்ளு. அச்சை எண்ணெயில காய வச்சு மாவுல முக்கால் பங்கு முக்கி மறுபடி எண்ணெயில விட்டா, முறுக்கு கழண்டு மிதக்கணும்ல? கழலவே இல்ல. கரண்டிக் காம்பால தட்டி, கத்தியால நெம்பி, பன்னிரண்டு சுட்டதுல ரெண்டுதான் பூ மாதிரி வந்துச்சு. மிச்சமெல்லாம் அப்பளத்தை மிதிச்ச மாதிரி. இந்த ஊர்க் காத்துல இருக்கிற ஈரம்தான் காரணம்னு நினைக்கிறேன். இங்க உப்பே ஜாடியில கட்டியாப் போயிடும்.

டிசம்பர் 10

ஈரம் காரணம் இல்லையாம். ஏழு பேர் திட்டிட்டாங்க. அச்சை சோப்பும் கம்பி நாரும் போட்டுத் தேய்ச்சிருக்கேன், அங்கதான் தப்பு. ராத்திரி பூரா அரிசி கழுவின தண்ணியில போட்டு, காலையில துடைச்சு, காயுற எண்ணெயில அரை மணி நேரம் கிடக்க விட்டேன். இப்ப தட்டக்கூட வேண்டாம், தானே கழலுது. அம்மா இதைப் போன்லயே சொல்லியிருப்பாங்க, நான் கேட்டிருக்க மாட்டேன்.

ஈரத்தைப் பழிச்சதை வாபஸ் வாங்குறேன். முறுக்கு ரெண்டாம் நாளே நமுத்துப் போச்சே, அதுக்கு மட்டும் ஈரம்தான் பொறுப்பு.

டிசம்பர் 15

கேள்வி கேட்டவர் வந்து இறங்கிட்டாராம், தனியா எழுதியிருந்தார். வீட்டு வாடகைக்கு அடுத்தபடியா அவர் கேட்டது லெச்சி (லிச்சிப் பழம்) எங்க கிடைக்கும்னு. எங்கயும். ரோட்டோரம் கொத்துக் கொத்தாக் கட்டித் தொங்க விட்டிருப்பாங்க. எண்ணித்தான் விப்பாங்க. மரத்துக்கு மேல கல்யாணப் பந்தல் மாதிரி வலை போட்டிருக்கும், பழந்தின்னி வௌவாலுக்காக. வௌவால் இங்கயும் பக்கத்து ரீயூனியன் தீவுலயும் மட்டும் இருக்கிற இனம், அழியுற அபாயத்துல இருக்கு. விவசாயி கத்துறார்னு அரசாங்கமே 2015ல இருந்து சில வருஷம் சுட்டுத் தள்ளிச்சு. லெச்சி தின்னுற எல்லாரும் இந்தச் சண்டையில ஒரு பக்கம்தான், நானும்தான்.

இன்னைக்கு போனஸ் வந்துச்சு. இங்க அது முதலாளி மனசு வச்சுக் குடுக்கிறதில்ல, சட்டம். பதிமூணாவது மாசச் சம்பளத்துல முக்கால் பங்கு கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே கைக்கு வந்துடணும், மிச்சம் வருஷம் முடியுறதுக்குள்ள. அதனால இந்த வாரம் தலைநகர் போர்ட் லூயிஸ் பக்கம் போயிடாதீங்க, ரங்கநாதன் தெரு தோத்துடும். சனங்க என்ன வாங்குறாங்கன்னு நினைக்கிறீங்க? திரைச்சீலை! எங்க வீட்டுக்கார அம்மா வருஷக் கடைசியில திரைச்சீலை மாத்தி, சுவருக்குப் பெயின்ட் அடிச்சு, ஓட்டை உடைசலையெல்லாம் வெளிய தள்ளுறாங்க. எனக்குப் போகிதான் ஞாபகம் வந்துச்சு. கேட்டேன். போகின்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியல. ‘பனானே’ வருது, அதனாலன்னாங்க. போன் அனேங்கிற புது வருஷத்தைத்தான் வாய்க்குள்ள உருட்டி உருட்டிப் பனானே ஆக்கிட்டாங்க.

அவங்களை நாங்க மதாந்த்னு கூப்பிடுவோம், அத்தை மாதிரி. அறுபத்தெட்டு வயசு. தமிழ்க் குடும்பம். தமிழ் பேசத் தெரியாது.

டிசம்பர் 18

தூத்துக்குடி மாவட்டத்துல ஏரல்ல அக்கா வீடு. நேத்து சாயங்காலத்துல இருந்து போன் போகல. பாளையங்கோட்டையில அம்மா அப்பாகிட்டப் பேசிட்டேன், தெருவுல முழங்கால் தண்ணி, வேற ஒண்ணுமில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழையாம். ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு போச்சாம், உள்ள நூத்துக்கணக்கான பேர். தாமிரபரணி ஏரலைத் தாண்டித்தான் கடலுக்குப் போகணும்.

யாருக்காவது ஏரல் தகவல் தெரிஞ்சா எழுதுங்க.

டிசம்பர் 19

இன்னும் இல்ல. பாலம் போச்சுங்கிறாங்க. வாசல்ல போட இருந்த கிறிஸ்துமஸ் ஸ்டாரை எடுத்துப் பெட்டியில வச்சுட்டேன்.

டிசம்பர் 21

பேசிட்டா. யாரோ ஒருத்தர் போன்ல இருந்து ஒன்றரை நிமிஷம். அக்கா, அத்தான், பிள்ளைங்க எல்லாரும் மாடியில இருந்திருக்காங்க. கீழ அத்தான் கடைச் சரக்கு பூராவும் போச்சு. ஹெலிகாப்டர்ல இருந்து போட்ட சாப்பாடு பக்கத்து வீட்டு மாடியில விழுந்துச்சாம், அதைச் சொல்லிச் சிரிக்கிறா.

ஸ்டார் போட்டியான்னு கேட்டா. இல்லக்கா, இந்த வருஷம் மனசில்லன்னேன். “கரண்ட் இருக்கிற வீட்ல ஸ்டார் போடாம என்னத்தலே செய்யுதே?” லைன் போயிடுச்சு.

போட்டாச்சு.

டிசம்பர் 26

ரிசார்ட் ஏன் வேண்டாம்னு எழுதுறேன்னு சொல்லியிருந்தேன். அங்க கிறிஸ்துமஸ் ஐரோப்பாவுல இருந்து வர்றவங்களுக்காகப் போடுறது. நல்ல சாப்பாடு, நல்ல கடல், பக்கத்து டேபிள்காரர் உங்ககிட்டப் பேச மாட்டார். பணம் இருந்தா ஜனவரி கடைசியில போங்க.

நாங்க செஞ்சது: 24 ராத்திரி சர்ச். ஆராதனை பிரெஞ்சுலயும் கிரியோல்லயும். மெட்டெல்லாம் தெரிஞ்ச மெட்டு, வார்த்தை வாய்ல வராது. எனக்குப் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் சர்ச்சுல அதிகாலை நாலு மணி ஆராதனைதான் கிறிஸ்துமஸ். மப்ளர் கட்டின தாத்தாமார், புதுச்சட்டைக் கஞ்சி வாசம், கீர்த்தனையில எங்க சித்தப்பா மட்டும் அரைத் தாளம் முந்திப் போறது. இங்க காத்தாடி தலைக்கு மேல கிர்ருன்னு சுத்துது, பாதிப் பேர் கையில விசிறி. மூணு வருஷமா இதை ஒரு குறையாவே சொல்லிட்டிருந்தேன். இந்தத் தடவை ஜெப நேரத்துல தூத்துக்குடி மாவட்டத்துக்காகன்னு நான் தமிழ்லயே நாலு வரி சொல்லலாமான்னு பாதிரியார்கிட்டக் கேட்டேன். சரின்னார். சொன்னேன். யாருக்கும் புரியல. முடிஞ்சதும் ரோட்ரிக்ஸ் தீவுக்காரப் பாட்டி ஒருத்தி வந்து கையைப் பிடிச்சு, அங்க தண்ணி வடிஞ்சுடுச்சான்னு கேட்டா.

மறுநாள் தட்டு குடுக்கப் போனோம். ஊர்ல கிறிஸ்துமஸ்னா அக்கம்பக்கம் இந்து வீடு, பாய் வீடு எல்லாத்துக்கும் தட்டு போகும். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கேக் வச்சு, மேல துணி மூடி. இங்க எட்டு வீடு. எட்டுத் தட்டுல ஒண்ணுகூடக் காலியாத் திரும்பல. ஒண்ணுல லெச்சி, ஒண்ணுல கெண்டியை மாதிரி ஒரு சீன ஜாடியில மிளகாய் அச்சார், ஒரு முஸ்லிம் வீட்ல இருந்து உருளைக்கிழங்கு போட்ட பிரியாணி.

டிசம்பர் 27

“மதாந்தும் தமிழர்னு சொல்றீங்க, அப்புறம் ஏன் அவங்களை வேற ஆள் மாதிரி எழுதுறீங்க?”ன்னு ஒருத்தர் கேட்டது நியாயமான கேள்வி. இதைத்தான் முதல் நாளே எழுதியிருக்கணும்.

இந்த ஊர்ல ‘தமூல்’னா மொழி இல்ல. கிட்டத்தட்ட ஒரு மதம். கோயில், காவடி, வாழை இலையில ஏழு கறி, ரசோன் (நம்ம ரசம்தான்) இதெல்லாம் இருந்தா தமூல். வட இந்திய வழி வந்தவங்க ‘இந்து’, இவங்க ‘தமிழ்’, ரெண்டும் வேற வேற கணக்கு. நாங்க குடிவந்த புதுசுல ஒரு ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பி நிக்கிறோம், மதாந்த் கேட்டில சாஞ்சுக்கிட்டு, “ஊ தமூல், ஊ அல் லெக்லிஸ்?” நீங்க தமிழு, சர்ச்சுக்கா போறீங்க? எனக்குச் சுருக்குன்னுச்சு. அவங்களுக்குக் கந்த சஷ்டி கவசம் மனப்பாடம், ரோமன் எழுத்துல எழுதி வச்சுப் படிச்சது, அர்த்தம் தெரியாது. எனக்கு அர்த்தம் தெரியும், வரி தெரியாது. இதுல யார் தமிழ்? மூணு வருஷமா இந்த வழக்கு எங்க வாசப்படியில நடந்துட்டிருக்கு, தீர்ப்பு வரல.

அவங்க கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தா கொத்தனாரா வந்தவர்னு சொல்லுவாங்க. பிரெஞ்சுக்காரன் காலத்துலயே பாண்டிச்சேரியில இருந்து கொத்தனார், தச்சர்னு கொண்டுவந்தாங்க. 1834ல கூலிக் கப்பல் வர்றதுக்கு நூறு வருஷம் முந்தின கதை. அவங்க குடும்பத்துக் கணக்கு சரியான்னு நான் விசாரிக்கல. ஒண்ணு மட்டும், அவரை யாரும் ‘எக்ஸ்பாட்’னு (வெளிநாட்டு உத்தியோகஸ்தர்னு) சொல்லியிருக்க மாட்டாங்க. எங்க மாமா இருபது வருஷம் துபாய்ல இருந்தார், அவரையும் யாரும் சொல்லல. என்னைச் சொல்றாங்க. லேப்டாப் பை தொங்குதுல்ல, அதான்.

ஜனவரி 3, 2024

இந்தியாவுக்கும் இங்கயும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். அதனால ராத்திரி பத்தரைக்கு எனக்கு முதல் புது வருஷம் பிறந்துடும். அம்மா வீடியோவுல வந்து ஜெபம் பண்ணி, தூங்கப் போயிடுவாங்க. அப்புறம் ஒன்றரை மணி நேரம் பழைய வருஷத்துல நாங்க மட்டும் உக்காந்திருப்போம்.

பன்னிரண்டுக்கு வெடி. நம்ம தீபாவளிச் சரத்தையெல்லாம் மறந்துடுங்க. மாடியில இருந்து தரை வரைக்கும் தொங்க விட்டுக் கொளுத்துறாங்க, பத்து நிமிஷத்துக்கு எதிர்வீடு தெரியாது. காலையில தெரு பூரா சிவப்புக் காகிதம். ஒண்ணாம் தேதியும் ரெண்டாம் தேதியும் அரசு விடுமுறை.

ரெண்டாம் தேதி தெருவே சேர்ந்து பஸ் பிடிச்சு பீச்சுக்குப் போனோம். அண்டா அண்டாவாச் சோறு, கோழி, பியர். சாயங்காலம் சவுக்குச் சருகைக் குவிச்சுத் தீ மூட்டினாங்க. குளிருக்கா, இந்தப் புழுக்கத்துலயான்னு பார்த்தா, ஒரு பெரியவர் ரவானை தீக்கிட்டக் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுறார். ஆட்டுத்தோல் கட்டின பெரிய வட்ட மேளம் அது. விரலால சுண்டிப் பார்க்கிறார், மறுபடி காட்டுறார். நம்ம ஊர்ல பறையைக் காய்ச்சுவாங்கல்ல, அதே கை, அதே சுண்டல். சேகா ஆட்டம் அடிமைகளாக் கொண்டுவந்த ஆப்பிரிக்க சனத்தோடது, அதுக்கும் நமக்கும் சம்பந்தமில்லன்னு தெரியும். ஆனா அந்தத் தோல் இறுகின சத்தம் வந்ததும் என் காது பாளையங்கோட்டைக்குப் போயிடுச்சு. மதாந்த் ஆடினாங்க. காலைத் தரையில இருந்து எடுக்காம இழுத்து இழுத்து. என் மனைவியும் ஆடினா. நான் பாத்திரம் கழுவினேன்.

ஜனவரி 12

பொங்கலுக்குக் கரும்பு எங்க கிடைக்கும்னு கேட்டிருக்கார் நம்ம கேள்வியாளர். சிரிச்சுட்டேன். தீவு பூரா கரும்பு, பொங்கலுக்குக் கரும்பில்ல! இங்க அறுப்பு ஜூன் ஜூலையில ஆரம்பிச்சு டிசம்பரோட முடிஞ்சுடும். இப்ப வயல்ல நிக்கிறது இடுப்பளவு மறுதாம்பு. ஆலைக் கரும்பு, கடிச்சா பல்லு போயிடும்.

இன்னொரு வேடிக்கை. உத்தராயணம்னு வடக்க திரும்புற சூரியனுக்குத்தான பொங்கல் வைக்கிறோம்? ஊர்ல தூரப் போன சூரியன் திரும்பி வர ஆரம்பிக்குது. இங்க பொங்கல் முடிஞ்ச ஒரு வாரத்துல சூரியன் நேர் உச்சியில நிப்பார், நிழல் காலடிக்குள்ள போயிடும். அதுக்கப்புறம்தான் வடக்க நகர்ந்து, குளிர் காலம் வரும். வரவேற்புன்னு பொங்கல் வைக்கிறோமா வழியனுப்புன்னு வைக்கிறோமான்னு மதாந்துகிட்டக் கேட்டேன். சோறு பொங்குனா சரின்னாங்க.

ஜனவரி 16

உயிரோட இருக்கோம். கேட்டவங்களுக்கு நன்றி.

நேத்து பொங்கல். நேத்துதான் பெலால் புயல். கண் ரீயூனியன் பக்கம் போச்சு, மழை நம்ம தலையில. பள்ளிக்கூடம் மூடியிருந்தாலும் வேலைக்குப் போனவங்க போயிட்டாங்க, வெள்ளம் வந்தப்ப நடுவழியில மாட்டிக்கிட்டாங்க. போர்ட் லூயிஸ்ல கார் மேல கார். எங்க ஆபீஸ் பையன் ஒருத்தன் தன் கார் தெருமுனை திரும்பிப் போறதை மாடியில நின்னு பார்த்திருக்கான், ஆள் இல்லாமலே இன்டிகேட்டர் போடாமத் திரும்புச்சுன்னான். சிரிக்கிறப்ப அவன் கை நடுங்குச்சு. ராத்திரி ஊரடங்கு.

மதாந்த் வாசல்ல செங்கல் வச்சுப் பொங்கல் வைக்கிறதா இருந்தது. நடக்கல. கரண்ட் இல்ல, சமையல் ரூம்ல கேஸ் அடுப்புல பானை, நான் டார்ச் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், வெளிய காத்து கதவைப் பிடிச்சு உலுக்குது. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சு கேஸ் வாசம் வந்ததும் அவங்க ‘பொங்கலோ பொங்கல்’னு பிரெஞ்சு ராகத்துல கூவ, என் மனைவி கேஸை மூடு, மூடுன்னு கத்த, பொங்கல் நல்லபடியா முடிஞ்சது.

பதினொரு மணிக்கு அக்கா கிட்ட இருந்து போன். அவ குரல்ல அன்னைக்கு என் குரல்ல இருந்தது இருந்துச்சு. நாலு வாரத்துக்குள்ள இடம் மாறிட்டோம். “எந்த மாடியிலலே இருக்க?”ன்னு கேட்டா. மாடியே இல்ல, மேட்டுலதான் வீடுன்னேன்.

கேள்வியாளரே, பையன் பயந்துட்டான்னு எழுதியிருந்தீங்க. முதல் புயல் எல்லாருக்கும் அப்படித்தான். டார்ச்சை அவன் கையில குடுத்துடுங்க. எங்க வீட்லயும் அதுக்குத்தான் சண்டை.

ஜனவரி 26

நேத்து தைப்பூசம். இங்க அது நாட்டுக்கே விடுமுறை. மதாந்த் பத்து நாள் விரதம், சைவம், ஒரு வேளைச் சாப்பாடு. பால்குடம் எடுத்தாங்க. கோர் தெ கார்த் மலையோரக் கோயிலுக்கு நானும் கூட நடந்தேன், தண்ணி பாட்டில் தூக்குற ஆளா. தார் ரோட்டுல வெறுங்கால். ரோட்டோரத்து வீட்டுக்காரங்க காவடி வர்றதுக்கு முன்னாடி ரோட்டுல தண்ணி ஊத்திக் குளிர வச்சுட்டே இருக்காங்க. அதுல ஒரு வீடு சீன வீடு.

இவ்வளவு வெயில்ல நடந்து போயும் பால் திரியக் கூடாது, அதுதான் கணக்கு. கோயில் வாசல்ல செம்பைத் திறந்ததும் மதாந்த் உள்ள எட்டிப் பார்த்துட்டு, என்னையும் பார்க்கச் சொன்னாங்க. திரியல. சர்ச்சுக்குப் போறவன் சாட்சின்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட கிரியோல்ல சொல்லிச் சிரிச்சாங்க. அப்புறம் வாழை இலை, ஏழு கறி, ரசோன். புளி கம்மி, பூண்டு ஜாஸ்தி. எங்க ஆத்தா வச்சா இப்படித்தான் இருக்கும்.

ஊர் மாதிரி இருக்காதுன்னு நவம்பர்ல எழுதினதை அப்படியே விட்டு வைக்கிறேன், அழிக்கல. ரசத்தை மட்டும் அதுல சேர்க்காதீங்க.

ஸ்டாரை இன்னும் இறக்கல. அக்கா வீட்ல சுவருக்கு வெள்ளை அடிச்சாச்சாம், கடை அடுத்த மாசம் திறக்கும்னு சொன்னா.

கேள்வியாளருக்கு: லெச்சி முடிஞ்சுடுச்சு, இனி கடையில தேடாதீங்க. நவம்பர் கடைசியில வரும். மரம் இருக்கிற வீட்டுக்காரங்களை இப்பவே சிநேகம் பிடிச்சு வைங்க.